லீகல் எய்ட் மேசையில் கற்றவை

லண்டனில் லீகல் எய்ட், அதாவது வசதியில்லாதவருக்கு அரச பணத்தில் சட்ட உதவி செய்யும் ஒரு சொலிசிட்டர் (சட்டத்தரணி) நிறுவனத்தில் அகதிக் கோரிக்கை கேஸ்கள் பார்க்கிறேன். நான் சொலிசிட்டர் இல்லை, கேஸ்வேர்க்கர். வருபவரை முதலில் சந்திப்பது, அவருடைய வாக்குமூலத்தை எழுதுவது, ஆதாரம் தேடுவது, கோரிக்கைகளை முடிவுசெய்யும் அரச அமைச்சான ஹோம் ஒஃபிஸுக்குக் கடிதம் போடுவது, மறுப்பு வந்தால் அப்பீலைப் பதிவது, பாரிஸ்டருக்கு ஃபைலைத் தயார்பண்ணிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. நீதிபதி முன்னால் எழுந்து பேசுவது பாரிஸ்டர். ஆனால் அவர் பேசுவதற்கு என்ன இருக்கப்போகிறது என்பது மாதக்கணக்கில் முன்பே எங்கள் மேசையில் முடிவாகிவிடும்.

வருபவர்களில் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர். எரித்திரியா, ஆப்கானிஸ்தான், ஈரான் ஆட்களும் உண்டு. இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும், கேஸ் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்காகவே இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன். சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. விதிகள் அடிக்கடி மாறுவதால் உங்கள் சொந்தக் கேஸுக்கு உங்கள் பிரதிநிதியைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதிக் கேஸ் நிற்பதும் விழுவதும் வாக்குமூலத்தில்தான். நல்ல வாக்குமூலத்துக்கு வேண்டியது நேரம். காலக்கெடு, கட்டணம், ஹோட்டல் மாற்றம், தொலைபேசியில் சார்ஜ் இல்லாமை என்று எல்லாமே அந்த நேரத்தைத் தின்னத்தான் பார்க்கும். என் அனுபவத்தில் நல்ல கேஸ்வேர்க்கர் என்றால் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பவர்.

ஒருவர் கோரிக்கை வைத்ததும் முதலில் நடப்பது ஸ்கிரீனிங். நாட்டுக்குள் இருந்து கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் குரொய்டன் லூனர் ஹவுஸில் நடக்கும். பெயர், குடும்பம், வந்த வழி எல்லாம் கேட்டுவிட்டு, ஏன் திரும்பிப் போக முடியாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த மனிதர் நித்திரை இல்லாமல் இருப்பார், பயந்திருப்பார். ஆளைக் கொண்டுவந்த ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தது ஒருபக்கம், நடந்தது ஒருபக்கம் என்று தலைக்குள் குழம்பிப்போய் இருப்பார். இரண்டு வரி சொல்வார். அந்த இரண்டு வரி பின்னால் வரும் மறுப்புக் கடிதத்தில் அப்படியே நிற்கும்: ஸ்கிரீனிங்கில் ஒரு கைது என்றீர்கள், நேர்காணலில் இரண்டு கைது என்கிறீர்கள்.

அதனால் புதிதாக வருபவருக்கு நான் முதலில் செய்வது, ஸ்கிரீனிங் பதிவின் பிரதியை எடுத்து ஒவ்வொரு பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டுவது. பிழை இருந்தால், முழுக் கதையையும் கேட்கும் பெரிய நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் திருத்தம் அனுப்பிவிடுவேன். நேர்காணலுக்கு முன் அனுப்பிய திருத்தத்தைத் திருத்தமாகப் பார்ப்பார்கள். மறுப்புக்குப் பிறகு அனுப்பினால் அதே விஷயம் சாக்காகிவிடும்.

அதற்குப் பிறகுதான் வாக்குமூலம். வேறொருவர் மூலம் கேஸ் போட்டு மறுக்கப்பட்டு எங்களிடம் வந்த ஒரு தம்பியின் ஃபைலில் பழைய வாக்குமூலம் ஒன்று இருந்தது. “நான் மிகக் கொடூரமாகச் சித்திரவதை செய்யப்பட்டேன், எனது அடிப்படை மனித உரிமைகள் மீறப்பட்டன” என்று ஆங்கிலத்தில் ஒரு பந்தி. இதே பந்தியை, சொல் மாறாமல், வேறு ஆட்களின் ஃபைல்களிலும் கண்டிருக்கிறேன். அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். “அக்கா, இதை நான் சொல்லேல்லை. அவங்கள் என்னட்டை ஒண்டும் கேட்கவும் இல்லை. பேப்பரிலை கையெழுத்து மட்டும் வாங்கினவங்கள்” என்றார்.

சரி, நடந்ததைச் சொல்லுங்கோ தம்பி என்றேன். முதல் சந்திப்பில் அவர் சொன்னது வந்த வழி மட்டும்தான். அடுத்த சந்திப்பில் வெற்றுத்தாள் ஒன்றைக் கொடுத்து, வைத்திருந்த அறையைக் கீறிக் காட்டச் சொன்னேன். கதவு எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கே, நீங்கள் எந்த மூலையில் படுத்தீர்கள். கீறத் தொடங்கியதும் கதைக்கவும் தொடங்கினார். இரவு அடித்த ஆமிக்காரர்களில் ஒருவன் மறுநாள் விடிய பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்தானாம். விரல்கள் வீங்கியிருந்ததால் கோப்பையை இவரால் பிடிக்க முடியவில்லை. அவன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கருப்பட்டியை இவருடைய வாய்க்குள் வைத்துவிட்டுப் போனானாம். அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

அந்தக் கருப்பட்டி, ஏஜென்ட் எழுதிக்கொடுக்கும் எந்த வாக்குமூலத்திலும் வராது. கொடூரம், மனிதாபிமானமற்ற என்ற பெரிய சொற்கள் ஒரு நீதிபதியையும் நம்பவைப்பதில்லை, அவற்றை அவர்கள் நாள்முழுதும் வாசிக்கிறார்கள். அனுபவித்தவர் மட்டும் சொல்லக்கூடிய, கதைக்குத் தேவையே இல்லாததுபோலத் தெரியும் ஒரு சின்ன விபரம் பக்கக்கணக்கான விபரிப்பைவிடக் கனமானது. அது கேட்டவுடன் வராது. நாங்கள் அவசரப்படவில்லை என்று அவருக்குத் தெரிந்த பிறகுதான் வரும்.

திகதிகள் பெரிய தொல்லை. ஹோம் ஒஃபிஸ் படிவம் நாள், மாதம், ஆண்டு கேட்கும். ஊரில் யாரும் வாழ்க்கையை அப்படி நினைவு வைத்திருப்பதில்லை. “எந்தத் திகதி?” என்று கேட்டால் பயத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள், அடுத்த முறை வேறொன்றைச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு மாதிரி. நல்லூர்த் திருவிழா முடிந்துவிட்டதா? உங்கள் சாதாரண தரச் சோதனைக்கு முன்னமா, பிறகா? மாமாவின் அந்திரட்டிச் சடங்கு நடந்த நேரம் வீட்டில் இருந்தீர்களா? 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளத்தில் மெனிக் ஃபாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர்களுக்கு எந்த வலயம், யாரோடு கூடாரம் பகிர்ந்தார்கள், எப்போது வெளியே விட்டார்கள் என்பது நன்றாக நினைவிருக்கும். இவற்றை வைத்துக் காலவரிசை ஒன்றைப் போட்டு, உறுதியானதை உறுதியாகவும், உறுதியில்லாததை “ஏறக்குறைய” என்றும் எழுதுவேன். “எனக்குத் தெரியாது” என்பதும் பதில்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அதிகாரி கேட்டால் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்ற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் பல கேஸ்களைக் கெடுத்திருக்கிறது.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டி, பந்தி பந்தியாகச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து. தமிழ் தெரியாதவர்கள் என்றால் மொழிபெயர்ப்பாளர் வாசிப்பார், வாசித்துக் காட்டியதாக அவரும் கையெழுத்திடுவார். உறவினரையோ நண்பரையோ மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்கக் கூடாது. தனக்கு நடந்த பாலியல் கொடுமையை மச்சான் பக்கத்தில் இருக்கும்போது எந்த ஆணும் சொல்லமாட்டான், பெண்ணும் சொல்லமாட்டாள். மனைவிக்குத் தெரியாத விஷயத்தை எங்களிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். குடும்பமாக வந்தாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஜூன் 28 முதல் வைத்த கோரிக்கைகளுக்கு இந்த வேலை இன்னும் கனமாகிவிட்டது. அந்த ஆண்டு வந்த குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு அளவுகோலையே மாற்றியது. முன்பு, நியாயமான அளவுக்குச் சாத்தியம் இருக்கிறது என்று காட்டினால் எல்லாவற்றுக்கும் போதும். இப்போது, நீங்கள் சொல்லும் அடையாளமும் காரணமும் உங்களுக்கு இருக்கிறது, நீங்கள் உண்மையாகப் பயப்படுகிறீர்கள் என்ற இரண்டையும் இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். திரும்பிப் போனால் ஆபத்து என்ற எதிர்காலப் பகுதிக்கு மட்டும்தான் பழைய, குறைந்த அளவுகோல். ஒரு வாக்குமூலம் அரைகுறையாக இருந்தால் முன்பைவிட வேகமாக விழும்.

பெரிய நேர்காணலுக்கு வளர்ந்தவர்களோடு நாங்கள் கூடப் போவதற்குப் பொதுவாக லீகல் எய்டில் பணம் கிடையாது. தனியாக வந்த பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் போகலாம். எங்கள் ஆள் அந்த அறையில் தனியாகத்தான் இருப்பார் என்பதை மனதில் வைத்தே தயார்ப்படுத்த வேண்டும். பதில்களை மனப்பாடம் செய்யச் சொல்வதல்ல நான் சொல்லும் தயாரிப்பு. அங்கே என்ன நடக்கும் என்று விளக்குவது: மொழிபெயர்ப்பாளர் விளங்கவில்லையென்றால் உடனே சொல்லலாம், இடைவேளை கேட்கலாம், பெண் அதிகாரியோ ஆண் அதிகாரியோ வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். பிரதிநிதி கூட இல்லாத நேர்காணலை ஒலிப்பதிவு செய்து தரக் கேட்கும் உரிமை 2005இல் டிர்ஷே என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது. எழுத்துப் பிரதியில் ஒரு பதில் விசித்திரமாக இருந்தால் ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள். தமிழ் தெரிந்த கேஸ்வேர்க்கருக்கு இது பெரிய பலம். மொழிபெயர்ப்பாளர் விழுங்கிவிட்ட அரை வாக்கியம் ஒன்றை இப்படிக் கண்டுபிடித்து அப்பீலில் வைத்திருக்கிறேன். நேர்காணல் முடிந்ததும் திருத்தமும் விளக்கமும் அனுப்பப் பொதுவாக ஐந்து வேலைநாள்தான் தருவார்கள். அந்த ஐந்து நாளில் அவரைச் சந்திக்கும் நேரத்தை நேர்காணல் திகதி வந்த அன்றே டயரியில் போட்டுவிடுவேன்.

ஆதாரம் என்றால் எங்கள் ஆட்கள் உடனே நினைப்பது ஊரிலிருந்து வரும் கடிதம். பாதிரியார் கடிதம், சமாதான நீதவான் கடிதம், எம்பி கடிதம். அவை வேண்டாம் என்றில்லை. ஆனால் ஒரே மாதிரி வசனத்தில், யார் எழுதக் கேட்டார், எழுதியவருக்கு எப்படித் தெரியும் என்ற விபரம் இல்லாமல் வந்தால் அதிகப் பெறுமதி இருக்காது. ஊரில் நீதிமன்ற வழக்கோ பிடியாணையோ இருந்தால், இலங்கைச் சட்டத்தரணி ஒருவர் நீதிமன்றத்தில் சான்றுப் பிரதி எடுத்து நேரடியாக எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் சரியான வழி. கட்சிக்காரரின், அதாவது கேஸ் போட்டவரின் வீட்டுக்கு அனுப்பி அவர் கையில் கொண்டுவருவது கூடாது. 2014இல் பிஜே என்ற இலங்கையர் வழக்கில், சட்டத்தரணிகள் நீதிமன்றத்திலிருந்து எடுத்து நேரே அனுப்பிய ஆவணங்களை, சரிபார்க்கச் சுலபமான வழி இருந்தும் சரிபார்க்காமல் சும்மா தள்ளிவிட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வந்த கூரியர் உறையை எறியாதீர்கள், அதுவும் ஆதாரம். அனுப்பிய சட்டத்தரணி பதிவுசெய்தவர்தானா என்பதை நாங்களே முன்கூட்டிச் சரிபார்த்து அதையும் ஃபைலில் வைப்போம்.

தழும்புகள் இன்னொரு பெரிய விஷயம். சித்திரவதைத் தழும்புகளுக்கு மருத்துவ அறிக்கை எடுக்கும்போது டாக்டர்கள் இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐநா வழிகாட்டியின் அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். பொருந்தவில்லை என்பதில் தொடங்கி, இதைத்தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பதுவரை படிகள் உண்டு. ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இத்தகைய அறிக்கைகளைத் தருகின்றன. காத்திருப்பு நீளம் என்பதால் முதல் கிழமையிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

இதில் எங்கள் ஆட்களின் வழக்கு ஒன்று இங்கிலாந்துச் சட்டத்தையே திருத்தியது. கேவி என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு தமிழர், புலிகளுக்காகத் தங்க நகைகளை உருக்கிக் கொடுத்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்ட தழும்புகள் அவருடைய முதுகிலும் கையிலும் இருந்தன. அவரே கேட்டு, வேறொருவரைக்கொண்டு மயக்கத்தில் போட்டுக்கொண்டவை அவை என்ற சந்தேகத்தில் கோரிக்கை மறுக்கப்பட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்த தீர்ப்பைத் தள்ளி, கேஸைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. காயம் எப்படி வந்தது என்று சொல்பவரின் விளக்கத்தோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று டாக்டர் கருத்துச் சொல்லலாம், தன் உடம்பைத் தானே இப்படிச் சுடவைத்துக்கொள்பவர்கள் மிக மிக அரிது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்த கிழமையில், தழும்போடு மறுக்கப்பட்டவர்களின் பழைய ஃபைல்களை அலுமாரியிலிருந்து திரும்ப எடுத்து மேசையில் அடுக்கினோம். அந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு ஏன் இன்னும் கேஸ் என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். 2013இல் ஜிஜே, 2021இல் கேகே, ஆர்எஸ் என்ற மேல் தீர்ப்பாய வழிகாட்டித் தீர்ப்புகள்தான் இன்றைய இலங்கைக் கேஸ்களுக்கு அளவுகோல். முன்பு புலிகளில் இருந்தார் என்பது மட்டும் போதாது. தமிழ்ப் பிரிவினைவாதத்தில் இப்போது முக்கிய பங்கு வகிப்பவராக அரசாங்கம் பார்க்குமா, விமான நிலையத்தில் மறித்துப் பிடிப்பதற்கான தடுப்புப் பட்டியலில் பெயர் இருக்குமா என்பதே கேள்வி. 2021 தீர்ப்பு புலம்பெயர் நாட்டில் செய்யும் வேலைகளை இன்னும் விரிவாக ஆராய்ந்தது. ஊர்வலத்தில் கொடி பிடித்த படம் ஒன்று கேஸ் ஆகாது. எந்த அமைப்பு, என்ன பொறுப்பு, எவ்வளவு காலம், அது அங்கே எப்படித் தெரியவரும் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். பேஸ்புக் ஸ்கிரீன்ஷொட்டுகளைக் கட்டாக அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். ஈரானியர் ஒருவரின் வழக்கில் 2022இல் மேல் தீர்ப்பாயம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அப்படி அச்சடித்த பக்கங்களுக்குப் பெறுமதி குறைவு, கணக்கின் முழுத் தரவையும் பதிவிறக்கிக் கொடுக்கலாமே என்று. அதைச் செய்யுங்கள். கேஸுக்காக மட்டும் போராட்டத்தில் போய் நின்று படம் எடுப்பவர்களை ஒரு குறுக்கு விசாரணையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையாக உழைத்தவர்களின் கேஸுக்கும் அதனால் கெடுதல்.

இனிப் பணம். லீகல் எய்டில் அகதிக் கேஸின் முதல் கட்டத்துக்கு நெடுங்காலம் நிலையான கட்டணம் 413 பவுண்டாக இருந்தது. லண்டனில் மணிக்கட்டணம் 52 பவுண்டு அளவாக இருந்தது. கணக்குப் பார்த்தால் எட்டு மணிநேரம். நான் மேலே சொன்ன வாக்குமூலத்தை எட்டு மணிநேரத்தில் எழுத முடியாது. செய்த வேலை அந்தக் கட்டணத்தின் குறிப்பிட்ட மடங்கைத் தாண்டினால்தான் மணிக்கணக்கில் பணம் கேட்கலாம். இடையில் விழும் நேரம் முழுவதும் நிறுவனத்தின் நட்டம். 1996க்குப் பிறகு பணவீக்கத்துக்கு ஏற்றபடி கட்டணம் கூடவே இல்லை, 2011இல் 10 சதவீதம் வெட்டினார்கள். 2024 நவம்பரில்தான் மணிக்கு லண்டனுக்கு வெளியே 65, லண்டனில் 69 பவுண்டு அளவாகக் கூட்டப்போவதாக அரசு அறிவித்தது. அதற்குள் எத்தனையோ நல்ல நிறுவனங்கள் இந்த வேலையை விட்டுவிட்டன. லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் லீகல் எய்ட் ஆளைத் தேடுவதே பெரும்பாடு. நான் இதை ஆத்திரத்தோடு எழுதுகிறேன். நேரமில்லாமல் எழுதிய வாக்குமூலத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பது அந்தத் தம்பிதான்.

இதற்குள் செய்யக்கூடியது, ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் சந்திப்புக்கும் அன்றன்றே குறிப்பு எழுதுவது. யாரோடு, எவ்வளவு நேரம், என்ன முடிவு, ஏன் அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. பின்னால் கணக்குக் கேட்கும்போது காப்பாற்றுவது அந்தக் குறிப்புத்தான். பயணச் செலவையும் மறக்காதீர்கள். 2025இல் அரச உதவியில் சொந்தமாகச் சமைப்பவருக்குக் கிழமைக்கு 49.18 பவுண்டு, சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்குப் பத்துப் பவுண்டுக்கும் குறைவு. எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் காசை லீகல் எய்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வழி இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் வெட்கத்தில் வராமல் விட்டுவிடுவார்கள், நாங்கள் அக்கறையில்லாத ஆள் என்று நினைத்துக்கொள்வோம்.

திடீரென்று ஹோட்டலை மாற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும். முதல் சந்திப்பிலேயே இரண்டாவது தொலைபேசி எண், வாட்ஸ்அப், ஈமெயில் மூன்றையும் வாங்கி வையுங்கள்.

மறுப்பு வந்தால், கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் பதிய வேண்டும். கடிதத்தை நண்பர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டு நாளைப் போக்காதீர்கள், படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். அப்பீலுக்கு லீகல் எய்ட் தொடர, வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று நாங்களே மதிப்பிட வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் அகதிக் கேஸ்களுக்கும் இடம் உண்டு. இல்லை என்று முடிவெடுத்தால், அதை மீளாய்வு செய்யக் கேட்கும் சிடபிள்யூ4 படிவத்தைக் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. கேட்டு வாங்குங்கள். இந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமான பொழுது, ஒருவரை முன்னால் இருத்தி உங்கள் அப்பீலை லீகல் எய்டில் கொண்டுபோக முடியாது என்று சொல்வது. அதைத் தொலைபேசியில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். காரணத்தை எழுத்திலும் கொடுத்து, அடுத்து எங்கே போகலாம் என்ற பெயர்களையும் கையில் கொடுத்து அனுப்புவேன்.

அகதிக் கேஸ் இல்லாத மற்றக் குடிவரவு விஷயங்களுக்கு, உதாரணமாக மனைவியை அழைப்பது, நீண்டகாலம் இருந்ததற்காக விசா கேட்பது போன்றவற்றுக்கு, 2013 ஏப்ரலிலிருந்து பெரும்பாலும் லீகல் எய்ட் இல்லை. விதிவிலக்கு நிதி என்று ஒன்று உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தனியாக வந்த பிள்ளைகளின் குடிவரவுக் கேஸ்களை மட்டும் 2019இல் திரும்பச் சேர்த்தார்கள். இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் புகுந்துகொள்கிறார்கள். சீட்டுக் காசை எடுத்து, வட்டிக்கு வாங்கி, “கட்டாயம் கிடைக்கும்” என்று சொன்னவனிடம் கொடுத்துவிட்டு வருபவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். வெற்றி நிச்சயம் என்று சொல்பவர் எவரும் நேர்மையான ஆளல்ல. பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொலிசிட்டராக இருந்தால் அவர்களுடைய பதிவேட்டிலும், மற்றவர் என்றால் இமிகிரேஷன் அட்வைஸ் அதோரிட்டியின் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பாருங்கள். முன்பு ஓஐஎஸ்சி என்று சொன்னதற்கு 2025 ஜனவரி முதல் இதுதான் பெயர். லீகல் எய்ட் ஆள் உங்களிடம் தனியாகக் காசு கேட்டாலும் சந்தேகப்படுங்கள்.

எங்களைப் பற்றியும் கொஞ்சம். நாள்முழுதும் இப்படிக் கேட்பவருக்கு அது உடம்பில் இறங்கும். தமிழ் கேஸ்வேர்க்கருக்கு இன்னும் ஆழமாக இறங்கும், ஏனென்றால் சொல்பவரின் ஊர், பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்த பாதை எல்லாம் எங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கும். என் உறவினர் காணாமல்போன அதே வீதியின் பெயரை ஒருவர் சொன்ன நாள் உண்டு. ஒரே நாளில் இரண்டு சித்திரவதை வாக்குமூலம் எடுக்க வேண்டாம். முடிந்ததும் உடனே அடுத்த ஃபைலைத் திறக்காமல் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மேற்பார்வையாளரோடு மாதாந்தம் கேஸ்களைக் கதைக்கும் நேரத்தை வேலை அதிகம் என்று தள்ளிப்போடாதீர்கள். கோயிலிலோ கலியாண வீட்டிலோ கட்சிக்காரர் கண்டு “அக்கா, என்ரை கேஸ் என்ன மாதிரி?” என்று கேட்பார். அன்பாகச் சிரித்து, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அடியுங்கோ என்று சொல்லப் பழக வேண்டும். பக்கத்தில் நிற்பவர் காதில் விழும் ஒரு சொல்கூட அவருடைய ரகசியத்தை உடைத்துவிடும்.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு: சட்டப் பட்டம் இருந்தால் நல்லது, ஆனால் அது மட்டும்தான் வழி என்றில்லை. லீகல் எய்டில் குடிவரவுக் கேஸ் பார்ப்பதற்கு லோ சொசைட்டியின் அங்கீகாரம் வேண்டும். ட்ரெய்னி கேஸ்வேர்க் அசிஸ்டென்ட், சீனியர் கேஸ்வேர்க்கர், சூப்பர்வைசிங் சீனியர் கேஸ்வேர்க்கர் என்று படிகள், அவற்றுக்குச் சோதனைகள். பெரும்பாலானவர்கள் ஒரு நிறுவனத்திலோ தொண்டு அமைப்பிலோ நிர்வாக உதவியாளராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ நுழைந்து, வேலை செய்துகொண்டே சோதனை எழுதுகிறார்கள். விண்ணப்பக் கடிதத்தில் தமிழ் பேசுவேன் என்று மட்டும் போடாமல், வாசிக்கவும் எழுதவும் தெரியும் என்பதைத் தனியாகப் போடுங்கள். பொலிஸ் முறைப்பாடு, கிராமசேவகர் கடிதம், நீதிமன்றப் பதிவு என்று கையெழுத்தில் வரும் தமிழ் ஆவணங்களை வாசிக்கத் தெரிந்த ஆட்கள் எங்களுக்குப் போதாமல் இருக்கிறார்கள். நேர்முகத்துக்குப் போகும் முன் ஜிஜே, கேவி, கேகே தீர்ப்புகளை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். அவை மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.